லே போகிறவர்கள் நுரையீரலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லடாக் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். பாங்கோங் ஏரியைப் பற்றிய பத்திகள் அருமை. ஆனால் ஓர் இடத்தில் மனம் பதறிவிட்டது. டெல்லியிலிருந்து விமானத்தில் லே வந்து இறங்கிய மறுநாளே அதைவிட இன்னும் உயரமான கர்துங் லா கணவாய்க்குப் போனதாகவும், மூச்சு வாங்கியதை மனத்துணிவால் சமாளித்ததாகவும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மருத்துவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் உடலியங்கியல் நடத்தியவள் நான். திடீரென்று உயரத்துக்குப் போனால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும்; மனத்துணிவுக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதயத்தின் வலப்பக்கம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் உடம்பு முழுவதற்கும் அனுப்புவதும் அதே அளவுதான். ஆனால் அழுத்தம் வேறு. பிபி பார்க்கும்போது 120/80 என்கிறோமே, நுரையீரல் தமனியில் அது ஏறக்குறைய 25/10 தான். குறைவாக இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர், மெல்லிய இடங்களில், ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும்.

இந்த ஓட்டத்தை நுரையீரல் எப்படிப் பங்கிடுகிறது என்பது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பாய்ச்சிப் பயனில்லாத வயலின் மடையை அடைத்து, தண்ணீரைப் பக்கத்து வயலுக்குத் திருப்பிவிடுவோம் அல்லவா? நுரையீரலும் அதைத்தான் செய்கிறது. சளி அடைத்து ஒரு பகுதிக்குக் காற்று போகவில்லையென்றால், அங்குள்ள சிறு தமனிகள் சில நிமிடங்களுக்குள் சுருங்கிக்கொள்ளும். இரத்தம் காற்றுள்ள பகுதிக்குத் திரும்பும். உடம்பின் மற்ற இடங்களில் இதற்கு நேர்மாறு; ஆக்சிஜன் குறைந்தால் அங்கே இரத்தக் குழாய் விரியும். நுரையீரலின் இந்தத் தனிக்குணத்தை 1946-இல் ஸ்டாக்ஹோமில் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இருவர் பூனைகளில் அளந்து காட்டினார்கள். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இந்த மடைகள் எல்லாமே ஏறக்குறைய அடைத்துத்தான் இருக்கும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் திறக்கும். எத்தனை முறை இதை வகுப்பில் சொல்லியிருந்தாலும் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

சரி, லேவுக்கு வருவோம். ஊரின் உயரம் சுமார் 3,500 மீட்டர். அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் நுரையீரலின் எந்தப் பகுதியைப் பார்த்தாலும் ஆக்சிஜன் குறைவு. நுரையீரலுக்கு மலை ஏறியது தெரியாது. எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் அடைக்கப் பார்க்கிறது. திருப்பிவிட வேறு வயல் இல்லை, வாய்க்காலில் அழுத்தம் ஏறுகிறது. சிலருக்கு இந்தச் சுருக்கம் அளவுக்கு மீறியும், இடத்துக்கு இடம் ஏறுமாறாகவும் இருக்கும். சரியாக அடைபடாத மடைகள் வழியாக மொத்த வேகமும் பாய, அங்கே கரை கசிந்து காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. நல்ல உடற்கட்டு இதைத் தடுக்காது. வாலிபர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும்கூட வருகிறது.

வெகுகாலம் இதை நிமோனியா என்றே நினைத்தார்கள். 1960-இல் சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர், இது உயரத்தால் வருவது என்று எழுதினார். 1962 போரின்போது நம் வீரர்களைச் சமவெளியிலிருந்து அவசரமாக மலைக்குக் கொண்டுபோனதில் பலருக்கு இது வந்தது. இந்தர் சிங் முதலான நம் ராணுவ மருத்துவர்கள் 1965-இல் அதை விரிவாகப் பதிவுசெய்தார்கள். அந்த அனுபவம் நம் நாட்டிலேயே இருக்கும்போது, நம் சுற்றுலாப் பயணிகளுக்கு அது போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

என் அக்கா மகனுக்கும் அது போய்ச் சேரவில்லை. வயது 26, மாரத்தான் ஓடுபவன். லேயில் இரண்டாம் நாள் இரவு வறட்டு இருமல். குளிர் என்று நினைத்துக் கம்பளியை இழுத்துப் போர்த்தியிருக்கிறான். அப்புறம் படுத்தால் மூச்சு முட்டியது, விடியற்காலையில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. நண்பர்கள் தூங்கட்டும் என்று விட்டிருந்தார்கள். விடுதிக்காரர் வந்து உதட்டின் நீலத்தைப் பார்த்தவுடனே வண்டியை எடுத்தார். ஆக்சிஜன் கொடுத்து, கீழே இறக்கி, பிழைத்துக்கொண்டான். ஆக்சிஜன் கிடைத்ததும் அடைத்த மடைகள் தளர்ந்துவிடும். அதனால்தான் இதற்கு ஆக்சிஜனும் உயரத்திலிருந்து இறங்குவதும் முதல் மருந்து.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி மலைப் பயணக் கட்டுரை வெளியிடும்போது பக்கத்திலேயே நாலு வரி போடுங்கள்: லேயில் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஓய்வு, முடிந்தவர்கள் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகத் தங்கித் தங்கிச் சாலையில் போகலாம், 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், மணி இரவு இரண்டானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடலியங்கியல் ஆசிரியை,
திருநெல்வேலி