கடைக்குள் கேட்ட சத்தம் கல்லடிப் பாலத்தில் எங்கே போகிறது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

“கடைக்குள்ள பிச்சு உதறினது, கல்லடிப் பாலத்தில ஏறினா ஒண்டும் கேக்குதில்ல அண்ணன்.” மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பீக்கர் பூட்டிக்கொண்டு போனவர்களிடம் அடிக்கடி நாங்கள் கேட்கிற முறைப்பாடு இது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் கேட்டதை கேட்ட இடத்தில் பூட்டி அனுப்பிவிடுவோம். இப்போது ஆயிரம் கேள்வி கேட்கிறோம் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஏன் கேட்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும் அல்லவா?

எங்கள் கடைக்கு மூன்று பக்கமும் சுவர். ஸ்பீக்கரிலிருந்து போகிற சத்தம் சுவரில் பட்டு உங்கள் காதுக்கே திரும்பி வருகிறது. பாலத்தில் சுவர் ஏது? போன சத்தம் மட்டக்களப்பு வாவிக்கு மேலால் போய்விடும். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். அதற்கு மேல் காற்று வேறு. மணிக்கு 100 கிலோமீற்றரில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே 95 டெசிபெலைத் தாண்டும். அது கனத்த இரைச்சல், பாட்டில் பேஸ், அதாவது அடித்தொனி, இருக்கிற அதே தளத்தில் இருப்பது. அதனால் பாட்டில் முதலில் காணாமற்போவது பேஸ்தான்.

‘பேஸ் கூடின ஸ்பீக்கர்’ கேட்டு வரும் தம்பிமாருக்கு இது பிடிக்காது, தெரியும். கார் மூடின பெட்டி, பைக் திறந்த வெளி. 4 அங்குல ஸ்பீக்கரில் பேஸை வலிந்து ஏற்றினால், முன்னும் பின்னும் அதிரும் கோன்தான் சீக்கிரம் போகும். நாங்கள் அம்ப்பில் (சத்தத்தைப் பெருக்கும் கருவி) 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த சத்தத்தை வெட்டிவிடுவோம். குரல் தெளியும், ஸ்பீக்கரும் தப்பும்.

அடுத்தது வாட். பெட்டியில் 600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஒரு கணம் தாங்கும் உச்சம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் வாட், எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபெல் தருகிறது என்ற கணக்கு. 3 டெசிபெல் கூட்ட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட் வேண்டும். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்து எடுக்கும் சத்தத்தை 93 டெசிபெல் ஸ்பீக்கர் 25 வாட்டில் தந்துவிடும். 150 சிசி பைக்கின் சின்னப் பற்றரிக்கு இது பெரிய விசயம். அம்ப்பிலிருந்து 100 வாட் வெளியே வர, பற்றரியிலிருந்து 9, 10 அம்பியர் போக வேண்டும். ஹெட்லைட்டும் அதிலிருந்துதான் எரிகிறது.

இனி, எங்கே வைப்பது. சத்தியமாக இதில்தான் பாதி வேலை இருக்கிறது.

கிராஷ் கார்டில் முழங்காலுக்கு நேரே பூட்டுவது இப்போது ஊரில் வழக்கம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆரையம்பதிச் சந்தியில் நிற்பவருக்குப் பாட்டு, ஓட்டுபவருக்கு இரைச்சல். கூர்மையான சத்தம் டோர்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில் போகும். அந்தச் சத்தத்தைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் பார்க்கிற பக்கம் உங்கள் முகம் இருக்க வேண்டும். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஸ்பீக்கர் வரப்போகிற இடத்தில் ஒரு சின்ன முகக் கண்ணாடியை, ஸ்பீக்கர் எந்தச் சரிவில் இருக்குமோ அதே சரிவில் ஒட்டுங்கள். ஹெல்மெட் போட்டு, ஓடுகிற மாதிரியே குனிந்து உட்காருங்கள். கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தால் இடம் சரி. பெற்றோல் டேங்கோ வானமோ தெரிந்தால் சரிவை மாற்றுங்கள். கோல்ட் விங் மாதிரிப் பெரிய டூரிங் பைக்குகளில் ஸ்பீக்கர் முன்பக்கக் காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுபவரைப் பார்த்தபடி இருப்பது இதற்காகத்தான். பின் பெட்டியில் மட்டும் வைத்தால், பின்னால் வீட்டுக்காரி ஏறினதும் பாட்டில் பாதி அவவின் முதுகோடு நின்றுவிடும்.

ஹாண்டிலில் வைக்கலாம், ஆனால் பாரம் குறைந்ததாக, நியோடிமியம் என்ற சின்ன, பலமான காந்தம் போட்டதாக இருக்கட்டும். ஆரம்ப காலத்தில் ஒருவருக்கு 6.5 அங்குலச் சோடி ஒன்றை ஹாண்டிலில் பூட்டினேன். கடை வாசலில் அவர் பைக்கைத் திருப்பினார், இடது பக்கப் பெட்டி டேங்கில் முட்டி ஹாண்டில் பாதியில் நின்றது. பைக் சரிந்தது, டேங்கில் நசுங்கல், செலவு என்னுடையது. அன்றிலிருந்து ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்காமல் நாங்கள் ஒரு ஆணியும் இறுக்குவதில்லை.

ஸ்பீக்கரைப் பெட்டி இல்லாமல் வெறுமனே தொங்க விடவும் வேண்டாம். பின்பக்கச் சத்தம் முன்பக்கச் சத்தத்தைத் தின்றுவிடும். நம்பாவிட்டால் கடைக்கு வாருங்கள்: ஒரே ஸ்பீக்கரைக் கையில் பிடித்து ஒரு தரம், பிஸ்கட் பெட்டியில் ஓட்டை வெட்டி அதில் பொருத்தி ஒரு தரம் பாட விடுவோம். வித்தியாசம் உங்களுக்கே விளங்கும். சோடியில் ஒன்றின் பிளஸ், மைனஸ் வயர் மாறிப் போனாலும் இதே கூத்துத்தான், மெல்லிய சத்தம் வரும். 1.5 வோல்ட் பற்றரியைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு கோனும் ஒரே பக்கம் தள்ள வேண்டும்.

உப்புக் காற்றைப் பற்றி நம்மூரில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. செப்பு வயர் பச்சையாகப் பூத்துவிடும். வெள்ளீயம் பூசின வயர், பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கோன், ரப்பர் விளிம்பு, தூசும் தண்ணீரும் தாங்கும் தரக்குறி ஐபி 65 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். காகிதக் கோன் மார்கழி மழையைத் தாங்காது, ஸ்பொஞ்ச் விளிம்பு சித்திரை வெயிலில் பொரிந்துவிடும். பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்தத் தரத்திலும் பியூஸிலும் பேரம் பேச வேண்டாம்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபெலில் எட்டு மணித்தியாலம் என்பது வேலைத்தலங்களுக்குச் சொல்லப்படும் எல்லை. 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும், 100 டெசிபெலில் கால் மணித்தியாலம்தான் மிஞ்சும். பொத்துவில், அறுகம்பை என்று தூரம் போகிறவர்கள் காற்றை முதலில் குறையுங்கள். நல்ல முழுமுக ஹெல்மெட், முன்னால் சரியான உயரத்தில் காற்றுத் தடுப்புக் கண்ணாடி. வொலியூமைக் கூட்டுவது அதற்குப் பிறகு. லகுகல பக்கம் பொழுது சாயும் நேரம் ஓடுகிறவர்கள் பாட்டை நிறுத்திவிடுங்கள். யானை ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவதில்லை.

வரும்போது பைக்கோடு ஹெல்மெட்டையும் கொண்டு வாருங்கள். இருவராகப் பயணம் போகிறவர்கள் இருவருமே வந்தால் நல்லது. காலையில் வந்தால் மாலைக்குள் வேலை முடியும். பூட்டினதும் பாலத்தில் ஏறி, மறுகரை வரை ஒரு தரம் ஓடித் திரும்புங்கள். பாட்டுக் காதில் விழுந்தால் மட்டும் மிச்சக் காசைத் தாருங்கள்.

இப்படிக்கு,
கல்லடிக் கடைக்காரர்கள்