ஆன்டெனாக்களின் எண்ணிக்கையும் அளவுத்திருத்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலைபேசிக் கோபுரங்களின் பல ஆன்டெனாக் கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் வெளியான கட்டுரை, 64 ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒரு பயனரை நோக்கி அலைகளைக் குவிக்கும் விதத்தைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், அவை அனைத்தும் இசைந்து இயங்கத் தேவையான அளவுத்திருத்தம் (ஆன்டெனாக்களிடையே உள்ள வேறுபாடுகளை அளந்து சரிசெய்தல்) குறித்து அதில் ஒரு வரிகூட இல்லை.

இரு ஆன்டெனாக்களிலிருந்து வரும் சம வலிமையுள்ள அலைகள் ஒரே கட்டத்தில், அதாவது முகட்டோடு முகடு பொருந்தும்படி, கைபேசியை அடைந்தால், ஓர் ஆன்டெனா மட்டும் தரும் திறனைப்போல் நான்கு மடங்கு கிடைக்கும். எதிர்க்கட்டத்தில், அதாவது முகட்டோடு அகடு சேரும்படி, அடைந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர்தான் என்பதால், அலை 1 மில்லிமீட்டர் கூடுதலாகச் சென்றாலே கட்டம் (ஒரு முழு அலைக்கு 360 பாகை) ஏறத்தாழ 4 பாகை விலகிவிடும். ஆன்டெனாக்களோடு இணைந்த சைகைப் பெருக்கிகளோ வடிகட்டிகளோ எந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை. தொழிற்சாலையிலேயே சரிசெய்து அனுப்பினாலும், கருவி சூடேறும்போது அவ்வேறுபாடுகள் மாறுகின்றன. மின்சாரம் நின்று மீண்டும் இயங்கும்போது சில கருவிகளில் அலையியற்றியின் (அலையை உருவாக்கும் சுற்றின்) தொடக்கக் கட்டமே வேறாகிவிடுகிறது.

ஒரே அதிர்வெண்ணில் நேரத்தைப் பங்கிட்டு அனுப்பவும் பெறவும் செய்யும் அமைப்புகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. கைபேசி அனுப்பும் சைகையைக் கொண்டே, திரும்ப எப்படி அனுப்ப வேண்டும் என்று கோபுரம் கணக்கிடுகிறது. காற்றுவெளிப் பாதை இரு திசைக்கும் பொது; கருவிக்குள்ளோ அனுப்பும் சுற்று வேறு, பெறும் சுற்று வேறு. இவ்வேறுபாட்டைத் திருத்தாவிட்டால் அந்தக் கணக்கு தவறிவிடும். நல்லவேளையாக, ஒவ்வோர் ஆன்டெனாவின் சுற்றுகளிலும் உள்ள வேறுபாடு தனித்தனியே முழுமையாகத் தெரிய வேண்டியதில்லை, ஆன்டெனாக்களிடையே ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் போதும். ஓர் ஆன்டெனாவைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொன்றுடனும் இரு திசையிலும் சைகையைப் பரிமாறச் செய்தால், வெளிக்கருவி ஏதுமின்றி அந்த விகிதங்களைப் பெற்றுவிடலாம். ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் பணியாற்றியோரும் 2012-இல் வெளியிட்ட ஆர்கோஸ் என்னும் 64 ஆன்டெனா அமைப்பு இதைச் செயலில் காட்டியது.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஆன்டெனாக்களின் கட்டப் பிழை சராசரியாக 10 பாகை இருந்தாலும், அலை குவிக்கப்படும் பயனருக்குத் திறன் சுமார் 3 விழுக்காடுதான் குறையும். அதே அலைகள் பக்கத்துப் பயனரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டியவை. பிழையால் அங்கே அழியாமல் எஞ்சுவது அவருக்கு இரைச்சலாகிறது. எனவே ஒரே ஒரு கைபேசியை வைத்துச் செய்யும் வேகச் சோதனை இக்குறையைக் காட்டிக்கொடுக்காது. வேகத்தை மட்டும் விளம்பரப்படுத்துவோருக்கு இது வசதியாகவே இருக்கக்கூடும்.

இனி இத்தகைய கருவிகளைப் பற்றி எழுதும்போது, இயங்கும் நிலையில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் நடக்கிறது, அதன்பின் எஞ்சும் கட்டப் பிழை எத்தனை பாகை, பல பயனர்கள் ஒரே நேரத்தில் இணைந்திருக்கையில் கிடைத்த அளவீடு என்ன என்பவற்றையும் தயாரிப்பாளர்களிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்