நெம்மேலி கடற்கரையில் எனக்குத் துணை நின்ற அக்காவுக்கு

சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021-ல் வாங்கிய, சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் கடற்கரையில் உடை மாற்ற அறை உண்டு. அதைத் தாண்டித் தெற்கே நெம்மேலிப் பக்கம் போனால் சவுக்குத் தோப்பும் மணலும்தான். கூட்டம் இல்லை என்றுதான் நானும் தங்கையும் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்கினோம். பெரிய அலை ஒன்று கரையேறி, மாற்றுத்துணி வைத்திருந்த பையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நனைந்த சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்க, தூரத்தில் நின்ற சிலர் போனைத் தூக்கிக்கொண்டு நெருங்கி வந்தார்கள்.

அக்கா, வலை பிரித்துக்கொண்டிருந்த நீங்கள் எங்களிடம் எதுவுமே கேட்கவில்லை. வள்ளத்தில் கிடந்த பழைய புடவையை உதறி, ஒரு முனையை வள்ளத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்தபடி அவர்களைப் பார்த்து நின்றீர்கள். "போங்கடா அந்தாண்ட!" என்று ஒரே அதட்டல். அப்புறம் வீட்டிலிருந்து இரண்டு நைட்டி, தோளில் போட்டுக்கொள்ள துண்டு. நைட்டியில் சோப்பு வாசனை. நல்லதாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறீர்கள்.

கிளம்பும்போது கடலைக் காட்டி, "அல உடையாம அமைதியா இருக்குற எடத்துலதான் இழுக்கும், அங்க எறங்காதீங்க" என்றீர்கள். எத்தனை பேருக்குத் தெரியும் இது!

பதற்றத்தில் பெயர் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது படித்தால் அக்காவிடம் சொல்லுங்கள்: வரும் ஞாயிறு காலை துணிகளோடு வருகிறோம், அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறார். ரொம்ப நன்றி அக்கா.