பனி வந்தால் அடங்கிவிடுமா மிளகாய் வாடல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் விவசாயப் பக்கத்தில் மிளகாய்ச் செடி வாடுவதைப் பற்றி எழுதியவர், பனிக்காலம் பிறந்தால் நோய் தானாக அடங்கிவிடும் என்று முடித்திருந்தார். அதை நம்பி யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. நான் அப்படி இருந்துதான் நஷ்டப்பட்டேன்.

போன கார்த்திகையில் எங்கள் தோட்டத்துப் பள்ளக் கடைசியில் நாலு செடிகள் உச்சி வெயிலில் துவண்டன. பொழுது சாய்ந்தால் நிமிரும் என்று விட்டேன், நிமிரவில்லை. இலை பச்சையாகவே தொங்கியது. தூரில், மண்ணை ஒட்டி, விரல் அகலத்துக்குக் கறுப்பு வளையம். பிடுங்கினால் வேர்த்தோல் கையோடு கழன்று நார் மட்டும் நின்றது. இரண்டு தண்ணீர் பாய்ச்சுவதற்குள் அந்த வரிசை முழுவதும் போயிற்று. தண்ணீர் ஓடிய வழியேதான் செடிகள் விழுந்தன.

இது பைட்டோப்தோரா காப்சிசி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மிளகாயில் கண்டு, 1922இல் லியோனியன் என்பவர் விவரித்த கிருமி. பார்வைக்குப் பூஞ்சை மாதிரி, ஆனால் குலம் வேறு. அதனால் பூஞ்சைக்கு அடிக்கும் மருந்து பல இதனிடம் பலிப்பதில்லை. கடையில் கொடுத்ததை நானும் வாங்கி அடித்துப் பார்த்தேன்.

சுமார் 10 டிகிரிக்குக் கீழே இது வளராது. 25 முதல் 28 வரை செழித்து வளரும். 35ஐத் தாண்டினால் தளரும். நம் பெகுப் பக்கம் தை மாதக் குளிரிலும் மண் 10 டிகிரிக்கு இறங்குவது ஏது? பகலில் முப்பதை எட்டுகிறதே!

மேலும், கிருமி வளர வேண்டிய சூடும், அதைப் பரப்பும் நுண்ணிய வித்து வெளிவர வேண்டிய சூடும் ஒன்றல்ல. ஆய்வுக்கூடத்தில் இதன் வித்துப்பைகளைத் தண்ணீரில் இட்டுச் சிறிது நேரம் குளிரவைத்து, பிறகு அறைச் சூட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பை திறந்து, இரண்டு வாலுள்ள வித்துகள் நீந்தி வெளியேறுகின்றன. வேரைத் தேடிப்போய் ஒட்டுபவை அவைதான். அவை நீந்த வயலில் தேங்கிய நீரே போதும்.

ஆகவே ஐப்பசியில் நடுகிறவர்கள் மேட்டுப்பாத்தி போடுங்கள், தண்ணீர் வடியட்டும். வாடிய செடியை வாய்க்காலில் எறியாதீர்கள். நோய் கண்ட நிலத்தில் தக்காளி, கத்தரி, பூசணி, வெள்ளரியும் சில ஆண்டுகள் வேண்டாம். அவற்றையும் இது பிடிக்கும்.

நாற்று நடவு தொடங்குமுன், அடுத்த இதழிலேயே அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவர்,
பெகு, பர்மா