பெரிய மாமாவின் கேமரா

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கவலைப்படாதே.

"ஃபோன்லயே நல்லா வருமேம்மா, அந்தப் பழைய கேமராவைத் தூக்கிட்டு வெயில்ல எதுக்கு அலையிற?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அது உன் பெரிய மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த யாஷிகா எலக்ட்ரோ 35. முக்கால் கிலோ இருக்கும். அது வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஒரே ஒரு தடவை கையில் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு, கீழ போட்டுருவே" என்றார் உன் தாத்தா. நம் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பார், எல்லாப் படத்திலும் நான் நிற்கிறேன். ஒரு படமும் நான் எடுத்ததில்லை. இந்தத் தை மாதம் பரணை ஒழித்தபோது மாமாவே கூப்பிட்டு, "இந்தா, நீ ஆசைப்பட்டதுதானே" என்று கையில் வைத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன், கண்ணு. உன்னிடம் சொல்வதற்கு என்ன.

அதற்கான மெர்க்குரி பேட்டரி இப்போது வருவதில்லை. வேறு பேட்டரியை ஒரு குழாயில் வைத்துப் பொருத்தி, உள்ளே நைந்துபோயிருந்த ஒரு சின்ன ரப்பரையும் மாற்றிக் கொடுத்தார் கோயம்புத்தூர் மெக்கானிக் ஒருவர். அந்த ரப்பர் போய்விட்டால் கேமரா வெளிச்சத்தைத் தப்பாகக் கணக்குப் போடுமாம். சரியாக இருந்தால் ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

முதல் ரோல் முழுக்க வீணாகிவிட்டது. நம் சேலம் அம்மாபேட்டையில் விடியற்காலையில் நெசவுக்காகத் தெருவில் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். நூல் வரிசைக்கு நடுவே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, ஆசை ஆசையாக எடுத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது, ஆனால் உள்ளே ஃபிலிம் நகரவே இல்லை. நுனி சக்கரத்தில் சரியாக மாட்டவில்லை. லீவரைத் தள்ளும்போது இடதுபக்கக் குமிழும் சேர்ந்து சுற்ற வேண்டும், சுற்றவில்லை என்றால் ஃபிலிம் ஓடவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாது. மறுநாள் அதே நேரத்துக்குப் போனேன். பாவு இல்லை, தெரு வெறும் தெருவாகக் கிடந்தது.

அப்புறம் அவசரப்படவில்லை. ஒரு ரோலுக்கு 36 படம்தான். கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம், அதில் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றாகச் சேரும், அப்போதுதான் அழுத்த வேண்டும். அதற்குள் எதிரே இருப்பவர் என்னைப் பார்த்துவிடுவார். அப்புறம் கேட்காமல் எப்படி எடுப்பது? கேட்டால் பேச்சு வருகிறது. முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தே இந்த ஊரைக் கடந்துபோனவள் நான். கோட்டை மாரியம்மனுக்கு வேண்டுதல் வைத்திருக்கிறேன், சின்னக்கடை வீதியில் உனக்குத் தீபாவளித் துணி எடுத்திருக்கிறேன், ஆனால் ஒரு வாசலிலும் நின்று பேசியதில்லை. இப்போது பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் நடக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. திண்ணையை ஒட்டிய சின்ன அறை, ஒரு ஜன்னல்தான் வெளிச்சம். பெரியவர் ஒருவர் இடுக்கியில் வளையத்தைப் பிடித்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தீ நீலமாக நாக்கு நீட்டும், வெள்ளி ஒரு கணம் தண்ணீர் மாதிரி மினுங்கும், அவ்வளவுதான், ஒட்டிவிடும். எடுக்கலாமா என்று கேட்டேன். "கலரா, கறுப்பு வெள்ளையா?" என்றார். கறுப்பு வெள்ளை என்றதும் எழுந்து வந்து கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அப்ப இதுவும் வெள்ளி வேலைதான்ம்மா. முன்னாடி ஸ்டுடியோக்காரங்க படம் கழுவின ஹைப்போ தண்ணியை விப்பாங்க. அதுலருந்து வெள்ளி எடுப்பாங்க" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உண்மைதான், கண்ணு. ஃபிலிமில் பூசியிருப்பது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடம், கழுவும்போது வெள்ளியாக மாறித் தங்கிவிடுகிறது. நெகட்டிவில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அந்தப் பொடி வெள்ளிதான். படாத இடத்தில் இருப்பது ஹைப்போவில் கரைந்து போய்விடும். கொலுசுக்குப் பேர்போன ஊரில் பிறந்து, இது தெரிய எனக்கு இத்தனை வயது ஆயிற்று.

அந்த அறையில் கேமராவின் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் போதாது, கை ஆடிவிடும் என்று அர்த்தம். நிலைப்படியில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

ஏற்காட்டுக்கும் ஒருநாள் பஸ்ஸில் போய் வந்தேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் எனக்குத் தலைசுற்றல்தான். மேலே சில்வர் ஓக் மரங்களுக்குள் பனி வந்து நின்றதை இரண்டு படம் எடுத்தேன், இரண்டும் வெறும் வெள்ளையாக வந்திருக்கின்றன. போகட்டும். திரும்பும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு பக்கம் இறங்கி வெகுநேரம் நின்றேன். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ. எத்தனை ஆயிரம் அடி ஃபிலிம் அந்த வாசலுக்குள் போய் வந்திருக்கும்! இன்றைக்கு நிற்பது அந்த வளைவுதான். அதை மட்டும் நேராக, ஆடாமல் எடுத்திருக்கிறேன்.

சென்னையில் கழுவி வாங்கிய நெகட்டிவ்களில் ஒரு ரோலை இதோடு வைத்திருக்கிறேன். விரலை நடுவில் வைக்காதே, ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார். உன்னிடம் இருக்கட்டும். மூன்றாவது துண்டில் முதல் படம் நம் தெரு, மாடியிலிருந்து. அதற்கடுத்தது உன் பெரிய மாமா. கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "எடுத்துட்டியா?" என்று மூன்று தடவை கேட்டார்.

கொலுசுக்காரருக்குப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். தன் முகத்தைப் பார்க்கவில்லை, தீயைத்தான் பார்த்தார். "நீலம் தெரியலையே ஒழிய, சூடு தெரியுதும்மா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவையும் சேர்த்து உட்கார வைக்கிறேன், வாங்க என்றிருக்கிறார். இந்த ரோலில் இன்னும் ஒன்பது படம் இருக்கிறது. காலையில் எட்டு மணிக்கெல்லாம் அந்த ஜன்னலில் வெயில் வந்துவிடும், அதற்குள் போக வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா