சப்ஸ்டிடியூஷன் நோட்டில் கோடு போட்டவர்களுக்கு நன்றி

தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், உதவித் தலைமை ஆசிரியர்களுக்கும், அலுவலகப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

ஆசிரியர் மனம் ஒன்றிப் பாடம் நடத்துவது அவரவர் குணம் என்பார்கள். அது பாதிதான் சரி. ஒரு பள்ளியில் ஓடி ஓடி உழைத்தவர், மாறுதலாகி வேறு பள்ளிக்குப் போனதும் மணி அடித்த கையோடு கிளம்பிவிடுவதுண்டு. பெரும்பாலும் அங்கே மாறியிருப்பது நிர்வாகம். அதை நல்லபடி நடத்துகிறவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி, லீவு போட்டவரின் வகுப்புக்கு அன்று யார் போவது என்று எழுதும் சப்ஸ்டிடியூஷன் நோட்டுக்கு. மூன்று பேர் லீவு என்றால் ஒரே நாளில் 15 பாடவேளைகூட ஆளில்லாமல் நிற்கும். மணி அடித்த பிறகு ஒரு பையனிடம் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பினால், அது மறுத்துப் பேசத் தெரியாதவர் கைக்கே போய்ச் சேரும். நீங்களோ நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே கோடு போட்டு வருகிறீர்கள். கோடு குறைந்தவருக்கே அடுத்த வகுப்பு. அன்று 6 பாடவேளை உள்ளவருக்கு ஏழாவது கிடையாது. காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பே பட்டியல் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடுகிறது. 40 நிமிட ஓய்வு வேளையில் 40 கட்டுரை நோட்டைத் திருத்தினால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். அதையும் பிடுங்கினால் நோட்டுக்கட்டு வீட்டுக்குப் போகும். சில வாரத்தில் பிழையைச் சுழிப்பது நின்று, வெறும் டிக் விழும். ஈடுபாடு குறைவது முதலில் தெரிவது அந்த டிக்கில்தான்.

அடுத்தது, வகுப்பைப் பார்வையிடும் விதம். வாசலில் ஐந்து நிமிடம் நின்று, பிள்ளைகள் காதுபடக் குறை சொன்னால் அந்த ஆசிரியர் பிறகு புதிதாக எதையும் முயலமாட்டார். கடைசி பெஞ்சில் பாடவேளை முழுக்க உட்கார்ந்து, அன்று மாலையே தனியாகக் கூப்பிட்டு, “ஜன்னலோரம் இருக்கிற நாலு பேரை ஒரு தடவைகூடக் கேள்வி கேட்கலை, டீச்சர்” என்கிறீர்கள். அதை மறுநாளே சரிசெய்யலாம். “இன்னும் நல்லா நடத்துங்க” என்றால் எதைச் சரிசெய்வது?

ஆண்டு ஊதிய உயர்வை உரிய மாதத்திலேயே போட்டு, பணிப்பதிவேட்டில் பதிந்துவிடும் அலுவலகத்தாருக்கும் நன்றி. 3 சதவீதம்தான். ஆனால் அதற்காக நாலு முறை மேசை முன்னால் நிற்கவைத்தால், அந்த அவமானம் வகுப்பறை வரை கூடவே வரும்.

இரவில் வாட்ஸ்அப்பில் வரும் ‘உடனே அனுப்பவும்’ விவரங்களை அப்படியே குழுவில் தள்ளிவிடாமல், எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையப் பதிவில் ஏற்கெனவே இருப்பதை நீங்களே எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் காலையில் கேட்கிறீர்களே, அதற்கும்.

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி குறைந்தால் பாட ஆசிரியரிடம் விளக்கம் எழுதி வாங்குவது சுலபம். நீங்கள் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, எந்தப் பிள்ளை எந்த மாதத்திலிருந்து நின்றது என்று பார்த்து, வீடு வரை போகிறீர்கள்.

உங்கள் கண்டிப்புக்கும் நன்றி. தினமும் தாமதமாக வருபவரைக் கேட்காமல் விட்டால், மனம் விட்டுப்போவது நேரத்துக்கு வருபவருக்குத்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாறுதலிலோ பணி ஓய்விலோ போகும்போது, அந்தக் கோடு போட்ட நோட்டை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போங்கள். அடுத்து வருகிறவருக்கு வேண்டும்.

நன்றியுடன்,
அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்