எஃப்பாட் எழுதிய பதில்களுக்கு ஓர் இடம் கொடுங்கள்

பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 'எஃப்பாட்' என்று அழைக்கப்பட்ட ஃபிரெட்ரிக் லண்ட் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க இதை எழுதுகிறேன். சுவீடனைச் சேர்ந்த அவர் 2021 நவம்பரில் காலமானார். அந்தச் செய்தியை பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம் அறிவித்தபோது, லண்ட் உருவாக்கிய மென்பொருள்களோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். புதிதாக வந்தவர், கரைகண்டவர் என்று பார்க்காமல் எல்லோருடைய கேள்விகளுக்கும் பதில் எழுதுவதில் கணக்கில்லாத மணிநேரம் செலவழித்த மனிதர் என்று. அந்தப் பதில்களைப் பற்றித்தான் இந்த மடல்.

அவர் எழுதிய நிரல்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவை பத்திரமாக இருக்கின்றன. படங்களோடு வேலை செய்கிறவர்கள் இன்று பயன்படுத்தும் பில்லோ என்ற மென்பொருள், அவர் தொடங்கிய பைத்தான் இமேஜிங் லைப்ரரியிலிருந்து 2010இல் கிளைத்தது. பெயர் மாறினாலும் இம்போர்ட் செய்யும்போது இன்றும் பழைய பெயரின் சுருக்கமான 'பில்' என்பதைத்தான் அடிக்கிறோம். எக்ஸ்எம்எல் ஃபைல்களைப் படிக்கும் எலிமென்ட்ட்ரீ 2006இல் பைத்தான் 2.5உடன், மொழியோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் வந்துவிட்டது. எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எஞ்சினின், சி மொழியில் எழுதிய ஃபைலைத் திறந்தால், மேலேயே சீக்ரெட் லேப்ஸ் என்ற பெயர் இருக்கும். அவர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட், பைத்தானுக்குள் வந்த கதையும் அப்படித்தான். யூனிகோடைக் கையாளும் ஃபைலின் தலைப்பில், இது ஃபிரெட்ரிக் லண்ட் முதலில் எழுதிய நிரலை அடிப்படையாகக் கொண்டது என்று குறித்திருக்கிறார்கள். பைத்தானில் தமிழ் எழுத்தைத் தொடுகிற நாங்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, அவருக்குக் கடன்பட்டவர்கள்.

இவ்வளவு செய்கிற ஒருவர், கேள்வி கேட்கிறவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அங்கேயேதான் இருந்தார். இணையத்தின் பழைய விவாத அரங்கான யூஸ்நெட்டில், காம்ப்.லாங்.பைத்தான் குழுவின் பழைய இழைகளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப அவர் கண்ணில் படுவார். பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். கேட்டவரின் வரிகளில் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு, கீழே ஓட்டிப் பார்க்கக்கூடிய நாலு வரி நிரல். கடைசியில் எக்ஸ்எம்எல்லில் ஒரு டேகை மூடுவது போல, கோணக் குறிகளுக்குள் ஒரு சாய்கோடும் எஃப் என்ற எழுத்தும். அதுதான் அவர் கையெழுத்து. அந்த நாட்களில் பைத்தானை வளர்த்தவர்களில் ஒருவரான டிம் பீட்டர்ஸ் 'டிம்பாட்', இவர் 'எஃப்பாட்'. அந்தச் செல்லப்பெயரிலேயே எஃப்பாட் டாட் ஆர்க் என்று ஒரு தளமும் நடத்தினார்.

அந்தத் தளத்தில் இருந்த பதில்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறவன். பைத்தானில் ஜன்னல், பொத்தான் எல்லாம் உருவாக்க உதவும் டிகின்டரில் ஜன்னல் திறந்து படம் காட்டும் பாடம் வந்தாலே வகுப்பில் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். "சார், எரரே வரல, ஆனா படமும் வரல." போய்ப் பார்த்தால் ஜன்னல் திறந்திருக்கும், படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். ஃபைல் பெயர் சரி, பாதை சரி, எழுத்துப்பிழை இல்லை. மாணவர் தன் மேலேயே சந்தேகப்படத் தொடங்கிவிடுவார்.

நடப்பது என்னவென்றால், ஒரு ஃபங்ஷனுக்குள் படத்தை ஏற்றி ஒரு வேரியபிளில் வைக்கிறோம். ஜன்னலில் படம் காட்டும் பகுதியான லேபிளிடம் அதைக் காட்டச் சொல்கிறோம். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த வேரியபிள் போய்விடும். படத்தை இனி யாரும் பிடித்திருக்கவில்லை என்று நினைத்து பைத்தான் அதை அழித்துவிடும். டிகின்டருக்கு அடியில் இருந்து திரையில் காட்டிக்கொண்டிருக்கும் டிகே என்ற மென்பொருள், அந்தப் படத்தைத் தன் பங்குக்குப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அதனால்தான் எரர் எதுவும் இல்லாமல் படம் காணாமல் போகிறது. தீர்வு ஒரே வரி. படத்தை அந்த லேபிளின் மேலேயே ஒரு பண்பாக ஒட்டி வைத்துவிட வேண்டும். லேபிள் இருக்கும்வரை படமும் இருக்கும். லண்ட் தன் பக்கத்தில் அந்த வரியை எழுதி, பக்கத்திலேயே 'ஒரு பிடியை வைத்துக்கொள்' என்ற பொருளில் ஒரு கமென்டும் போட்டிருந்தார், ஆச்சரியக்குறியோடு. இன்றும் யாராவது எழுதிய டிகின்டர் நிரலைத் திறந்தால் அந்த வரியும் அந்தக் கமென்டும் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். எழுதியவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது.

டீஃபால்ட் மதிப்பாக ஒரு லிஸ்டைக் கொடுத்தால் அது ஏன் பழைய சரக்கை ஞாபகம் வைத்துக்கொள்கிறது, பைத்தானில் பெயர் என்பது என்ன, பொருள் என்பது என்ன, இவற்றுக்கெல்லாம் அங்கே பக்கங்கள் இருந்தன. டிகின்டருக்கு அவர் எழுதிய அறிமுக நூலும் அங்கேதான் இருந்தது. உங்கள் அதிகாரபூர்வ டிகின்டர் பக்கமே பல வருடம் அதற்கு லிங்க் கொடுத்து வைத்திருந்தது.

இப்போது அந்தத் தளம் இல்லை. அவர் இருக்கும்போதே அது மூடப்பட்டுவிட்டது. நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 'முழு விளக்கம் இங்கே' என்று சொல்லி அவர் பக்கத்தைக் காட்டும் பழைய பதில்கள் ஏராளம். விவரம் தெரிந்த யாராவது திருத்தி, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் பிரதிக்கு மாற்றியிருந்தால் தப்பித்தோம், இல்லாவிட்டால் லிங்க் எங்கும் போகாது. ஆர்கைவுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் 2024 அக்டோபரில் அந்த அமைப்பின் மேல் தாக்குதல் நடந்து சில நாட்கள் முடங்கிப்போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு பிப்ரவரியில், யூஸ்நெட் பதிவுகளைப் படிக்க உதவிய கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டின் புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்தியது. பழையவை அங்கே இருக்கின்றன. எத்தனை நாளைக்கு என்பது நம் கையில் இல்லை. ஒரு மொழியின் பயனர்கள் சேர்த்து வைத்த அறிவை அடுத்தவர் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருப்பது சரியில்லை.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். லண்டின் குடும்பத்தாரிடமோ, அவர் எழுத்துக்கு உரிமை உள்ளவர்களிடமோ முறையாக அனுமதி கேளுங்கள். கிடைத்தால் அந்தப் பக்கங்களை பைத்தான் டாட் ஆர்க்கிலேயே நிரந்தரமாக வையுங்கள். பைத்தான் 2 காலத்து நிரல் அது, பழசாகிவிட்டது என்று யாராவது சொல்லக்கூடும். மேலே ஒரு குறிப்புப் போட்டால் போதும். பிரின்டுக்கு அடைப்புக்குறி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் மாறியிருக்கலாம், ஆனால் படம் ஏன் மறைகிறது என்ற காரணம் இன்றும் அதேதான். உங்கள் டிகின்டர் ஆவணத்திலும் இப்போது அந்த விஷயம் நாலு வாக்கியத்தில் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முட்டி மோதி நிற்கிற ஒருவரின் கேள்வியையே தலைப்பாக வைத்து அவர் எழுதியதை, மாணவர்கள் தேடும்போது எளிதில் கண்டுபிடிப்பார்கள்.

காம்ப்.லாங்.பைத்தானோடு இணைந்திருந்த உங்கள் பைத்தான்-லிஸ்ட் என்ற மின்னஞ்சல் குழுவின் காப்பகம் 1999 முதல் உங்கள் சர்வரிலேயே இருக்கிறது. மாதவாரியாக, தேடுவதற்குச் சிரமமான வடிவத்தில். லண்ட் மட்டுமல்ல, பெயரே தெரியாமல் பதில் சொல்லிவிட்டுப் போன எத்தனையோ பேர் அதற்குள் இருக்கிறார்கள். அதைத் தேடிப் படிக்கும்படி செய்து கொடுத்தாலே பெரிய உதவி.

இதை இப்போது கேட்க ஒரு காரணம் உண்டு. என் மாணவர்கள் கேள்வியை மனிதர்களிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். சாட்பாட்டிடம் கேட்கிறார்கள், நொடியில் பதில் வருகிறது. சாம்பல் கட்டம் பற்றிக் கேட்டால் லேபிளில் ஒட்டி வைக்கும் அதே வரியைத் தருகிறது. நல்லதுதான், வேலை நடக்கிறது. ஆனால் அதை முதலில் பொறுமையாக எழுதி வைத்த ஒரு மனிதர் இருந்தார் என்பது அந்தப் பதிலில் வருவதில்லை. அது தெரியாமல் வளர்கிற பிள்ளைக்கு, நாளைக்குத் தானும் இன்னொருவர் கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதலாம் என்று எப்படித் தோன்றும்? எனக்கு அப்படித் தோன்றியது லண்ட் மாதிரியான ஆட்களின் பதில்களைப் படித்துத்தான்.

அப்புறம், நீங்கள் சமூக சேவை விருது வழங்குகிறீர்கள். அதில் பதில் சொல்கிறவர்களுக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கி, லண்டின் பெயரை வைத்தால் மகிழ்வேன். ஆனால் விருதா, பக்கங்களா என்று ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், பக்கங்களைச் செய்யுங்கள்.

அனுமதி வாங்குவது ஒன்றைத்தான் நீங்கள் செய்தாக வேண்டும். மற்ற வேலைகளுக்கு ஆள் இருக்கிறோம். ஆர்கைவ் பிரதிகளை எடுத்து ஒழுங்குபடுத்துவது, நிரல்களை இன்றைய பைத்தானில் ஓட்டிப் பார்த்துக் குறிப்பு எழுதுவது, உடைந்த லிங்குகளைத் திருத்துவது, எல்லாவற்றுக்கும் நான் வருகிறேன். என் மாணவர்களிடமும் கேட்டுவிட்டேன், செய்கிறோம் என்கிறார்கள். டிகின்டர் பக்கங்களிலிருந்து தொடங்கலாம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
பைத்தான் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்